வெள்ளிக்கிழமை மாத்திரை

வைத்திக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு சிறுமி இருக்கிறாள். நான்காம் வகுப்பு படிக்கிறாள். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவள் அம்மா அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுப்பார். உள்ளே இருக்கும் அட்டையிலிருந்து மஞ்சள் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து எண்ணுவார். பிறகு சுவரில் தொங்கும் காலண்டரில் அன்றைய தேதியைச் சுழித்துவிட்டுத்தான் மகளிடம் கொடுப்பார். வாரத்துக்கு ஒரே நாள். மறந்துபோய்த் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்று ஆசுபத்திரியில் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காலண்டரில் சுழி போடும் பழக்கம் அப்படி வந்ததுதான். மாத்திரையின் பெயர் மீத்தோட்ரெக்சேட். ஒன்று இரண்டரை மில்லிகிராம். சிறுமிக்கு ரத்தப் புற்றுநோய்.

அவள் பள்ளியில் வாரம் ஒருமுறை பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. இவளுக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் அதைக் கொடுத்துவிட வேண்டாம் என்று அம்மா வகுப்பு டீச்சரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மஞ்சள் மாத்திரை செய்யும் வேலைக்கு இளஞ்சிவப்பு மாத்திரை குறுக்கே நிற்கக்கூடும்.

என் வயதுக்காரர்களுக்கு மூன்றாவதாக ஒரு மாத்திரையும் நினைவிருக்கும். புதுச்சேரியில் அப்போது யானைக்கால் நோய் அதிகம். ராத்திரி நேரத்தில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் போவார்கள், அந்தப் புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் நடமாடும் என்பதால். கிருமி இருந்தால் மாத்திரை வரும். 1975இல் இங்கே கொசுவால் பரவும் நோய்களுக்கென்றே வி.சி.ஆர்.சி. என்ற ஆய்வு மையம் வந்தது. 1981 முதல் 1985 வரை அந்த மையம் இந்த ஊரின் சாக்கடைகளையும் கிணறுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து கொசுவை ஒடுக்கியதைக் கண்ணால் கண்டவன் நான்.

புற்றுநோய்க்கு ஒன்று, சோகைக்கு ஒன்று, யானைக்காலுக்கு ஒன்று. மூன்றும் ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து, 1940களின் சில ஆண்டுகளுக்குள் வெளிவந்தவை. அந்தக் கூடத்தை நடத்தியவர் சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். முப்பது ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் நடத்தியும், ஓய்வுபெற்ற பிறகுதான் எனக்கு இது முழுதாகத் தெரியவந்தது. தெரிந்த நாளிலிருந்து 1972ஆம் ஆண்டு மனதை விட்டு அகலவில்லை.

அந்த ஆண்டு எனக்குப் பத்து வயது. சின்னம்மாவின் மகனுக்கு ஏழு. கார்த்திகை மழையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது, விடவில்லை. பல் துலக்கினால் ஈறிலிருந்து ரத்தம். முழங்காலுக்குக் கீழே அடிபடாமலே நீலத் திட்டுகள். பெரிய ஆசுபத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். ரத்தத்தில் புற்று என்று சொன்னார்கள். கட்டியே இல்லாமல் புற்று எப்படி வரும் என்று சித்தப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். மாசி மகத்துக்குப் பத்து நாள் முன்பு அவன் போய்விட்டான். மாசி மகத்தன்று மயிலம் முருகனும் சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாமும் எப்போதும்போல எங்கள் கரைக்கு வந்து தீர்த்தவாரி கண்டு திரும்பின. தெருவில் மேளம் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் கடலுக்குப் போகவில்லை.

இந்தச் சிறுமிக்கு நோய் தெரிந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. அதே காய்ச்சல், அதே நீலத் திட்டு. கோரிமேட்டில் ஜிப்மருக்கு அழைத்துப்போனார்கள். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த இடம் அது. முதல் சில மாதங்கள் கடுமையானவை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு அதே மஞ்சள் மருந்தை நீராக ஏற்றினார்கள். தலைமுடி உதிர்ந்தது. வாயெல்லாம் புண். கஞ்சியை நன்றாக ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, தேக்கரண்டியின் நுனியால் நாக்கில் தொட்டுவைப்பார் அவள் அம்மா. ஒரு டம்ளர் கஞ்சி இறங்க ஒரு மணி நேரம் ஆகும். இப்போது முடி வளர்ந்து பின்னல் போடும் அளவுக்கு வந்துவிட்டது. பள்ளிக்குப் போகிறாள். இன்னும் சில மாதம் வெள்ளிக்கிழமை மாத்திரை இருக்கிறது.

இரண்டு பிள்ளைகளுக்கும் வந்தது ஒரே நோய்தான். ஒருவன் மூன்று மாதம் தாங்கினான். இன்னொருத்தி பம்பரம் விடுகிறாள். நடுவில் என்ன நடந்தது என்று தேடிப்போனபோதுதான் நான் சுப்பாராவிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவர் பிறந்தது 1895இல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். காந்தியின் பேச்சைக் கேட்டு அறுவை வகுப்புக்குக் கதர் அங்கி உடுத்திப் போனார் என்றும், ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்காமல் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். என்ற கீழ்நிலைச் சான்றிதழ்தான் கிடைத்தது என்றும் அவர் வரலாற்றில் வருகிறது. உடன்பிறந்தவர்களை 'ஸ்ப்ரூ' என்னும் குடல் நோய் கொண்டுபோனது. உண்ட உணவு உடம்பில் ஒட்டாமல் ஆளை உருக்கி, ரத்தத்தையும் குறைக்கும் நோய். அவருக்கும் அது வந்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் கைமருந்தில் பிழைத்து, அவருடைய கல்லூரியிலேயே சிலகாலம் உடற்கூறு நடத்தினார். அந்த நோய்க்கு ஃபோலிக் அமிலம் நல்ல மருந்து என்று பின்னாளில் தெரிந்தது. அந்த அமிலத்தைக் கூடத்தில் செய்துகாட்டிய குழுவுக்கு இவரே தலைவராக இருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நகர்கிறது.

1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் போனார். மனைவியை ஊரில் விட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை. இரவில் மருத்துவமனையில் எடுபிடி வேலை, பகலில் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கின் ஆய்வுக்கூடம். 1925இல் இருவரும் உடல் திரவங்களில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் ஒரு முறையைச் சொன்னார்கள். பாஸ்பரஸ் இருந்தால் கரைசல் நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். உயிர்வேதியியல் படிக்கும் பிள்ளைகள் இன்றும் செய்முறை வகுப்பில் அந்த நீலத்தை வரவழைக்கிறார்கள். அந்த நீலத்தைக் கொண்டுதான் 1927இல் தசைக்குள் இருக்கும் பாஸ்போகிரியேட்டினையும் 1929இல் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யையும் பிடித்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்தார்.

என் சித்தப்பாவின் கட்டுமரத்துக்கு இன்ஜின் கிடையாது. கரையில் உடையும் அலையைத் தாண்டும் அந்தச் சில நொடிகளில் நான்கு கை சேர்ந்து மூச்சுப் பிடித்துத் துடுப்பு போடுவார்கள். அந்தச் சில நொடிக்கான விசை பாஸ்போகிரியேட்டினிலிருந்து வருகிறது. அதற்குப் பிறகு பகல் முழுக்க வலை இழுக்கும் விசை, மூச்சில் இழுக்கும் காற்றைக் கொண்டு செய்யப்படும் ஏ.டி.பி. இன்று எங்கள் கரையிலிருந்து ஃபைபர் படகுகள் போகின்றன, எண்ணெய் ஊற்றினால் ஓடும் இன்ஜினோடு. கையில் காய்ப்பு ஏறிய மனிதர்கள் குறைந்துவிட்டார்கள்.

1929இல் ஏ.டி.பி. என்ற பொருள் தெரிந்தது. அது செல்லுக்குள் எந்த இடத்தில் செய்யப்படுகிறது என்று தெரியாது. அன்றைய வழி அப்படி. தசையை அரைப்பார்கள், வடிப்பார்கள், வடிநீரில் என்ன இருக்கிறது என்று அளப்பார்கள். அரைத்த பின் எந்தப் பொருள் எந்த அறையில் இருந்தது என்று யார் சொல்ல முடியும்? அந்த அறை இழைமணி என்று யூஜின் கென்னடியும் ஆல்பர்ட் லெனிங்கரும் 1948-49இல் காட்டினார்கள். மைட்டோகாண்ட்ரியா என்று இன்றைய பிள்ளைகள் படிப்பதைத்தான் நாங்கள் இழைமணி என்று படித்தோம். சுப்பாராவ் 1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே இறந்துபோனார்.

ஃபோலிக் அமிலத்தின் கதை இந்தியாவிலேயே தொடங்குகிறது. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், மில் தொழிலாளிக் குடும்பங்களில் கர்ப்பிணிகள் சோகை பிடித்துச் சாவதைப் பார்த்தார். அந்தச் சோகை ஈஸ்ட் சாற்றில் குணமாவதை 1931இல் எழுதினார். ஈஸ்டில் இருந்த அந்தப் பொருளை 1941இல் டெக்சாஸில் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து வடித்தெடுத்தார்கள். இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் என்று பெயர் வந்தது. நான்கு டன் கீரையில் கிடைத்தது கொஞ்சம்தான். ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்காமல் 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போயிருந்த சுப்பாராவின் குழு, 1945இல் அதைக் கீரையே இல்லாமல் செய்தது. இன்று அதே பொருள் பள்ளிகளில் இளஞ்சிவப்பு மாத்திரையாகக் கிடைக்கிறது.

பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்று வந்த பிள்ளைகளுக்கு இந்த வகைப் பொருளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறைவதற்குப் பதில் வேகமெடுத்தது. அப்படியானால் இதற்கு எதிரியைக் கொடுத்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது. சுப்பாராவின் கூடம் ஃபோலிக் அமிலத்தைப் போலவே இருக்கிற, ஆனால் ஒரு மூலையில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் உட்கார்ந்திருக்கிற அமினோப்டெரினைச் செய்து அனுப்பியது. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் 16 பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் அடங்கியது. சில மாதங்களுக்குத்தான். ஆனாலும் அதுவரை எந்த மருந்தும் அந்த நோயை அப்படிப் பின்வாங்க வைத்ததில்லை. மீத்தோட்ரெக்சேட் அமினோப்டெரினின் தம்பி.

ஒரே மருந்தால் நோய் போகாது, பலவற்றைச் சேர்த்து, முதுகுத்தண்டுக்கும் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும் என்று கற்றுக்கொள்ள மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் டொனால்ட் பிங்கல் 1960களின் இறுதியில் ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகளைப் பிழைக்கவைத்துக் காட்டினார். சென்னை அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர், 1954இல் 12 படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையில் மறு ஆண்டே வி. சாந்தா சேர்ந்தார். 1980களில் அடையாறும் மும்பை டாடா மருத்துவமனையும் தில்லி எய்ம்ஸும் எம்.சி.பி. 841 என்ற ஒரே முறையைக் கைக்கொண்டன. வசதியுள்ள நாடுகளில் இன்று இந்த நோய் வந்த பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் சிகிச்சையை நடுவில் விடாமல் முடிக்கும் பிள்ளைகளில் பிழைப்பவர்களே அதிகம்.

இதுவரை மருந்தின் கதை. உள்ளே அது என்ன செய்கிறது என்பதில்தான் பழைய அறிவும் புதிய அறிவும் பிரிகின்றன.

நான் வகுப்பில் இழைமணியை ஒரே வரியில் நடத்தினேன்: செல்லின் ஆற்றல் நிலையம். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். புற்றுநோய் பற்றிப் பேச்சு வந்தால் ஓட்டோ வார்பர்க்கைச் சொல்வேன். 1931இல் நோபல் பெற்ற ஜெர்மானியர். புற்றுச் செல்கள் காற்று இருக்கும்போதே சர்க்கரையைப் புளிக்கவைத்து வீணாக்குகின்றன என்று 1920களில் கண்டவர். இழைமணியின் சுவாசம் பழுதானதால்தான் செல் புற்றாகிறது என்று கடைசிவரை நம்பியவர். ஆக, பழைய படத்தில் புற்றுச் செல்லின் இழைமணி பழுதான இன்ஜின். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இன்றைய படம் வேறு. புற்றுச் செல்களில் பெரும்பாலானவற்றில் இழைமணி நன்றாகவே வேலை செய்கிறது. எரிபொருளோடு கட்டுமானப் பொருளையும் செய்கிறது. செல் ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் டி.என்.ஏ. முழுவதையும் ஒருமுறை படியெடுக்க வேண்டும். அதன் எழுத்துகளைச் செய்ய ஒற்றைக் கரிம அணுக்கள் வேண்டும். அந்தக் கரிமத்தைச் சுமப்பது ஃபோலேட். மீன்காரி தலையில் கூடை இருப்பதுபோல. கூடையில் ஒரே ஒரு கரிமம் ஏறும். ஒரு நொதியின் கையிலிருந்து இன்னொரு நொதியின் கைக்குப் போய் இறங்கும். எழுத்துகளில் ஒன்றைச் செய்யும்போது கூடையே மடங்கிப்போகும். அதை நிமிர்த்திக் கொடுக்க ஒரு நொதி இருக்கிறது. மீத்தோட்ரெக்சேட் அந்த நிமிர்த்தும் நொதிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. கூடைகள் மடங்கியபடியே கிடக்க, செல் பிரிய முடியாமல் சாகிறது.

கூடையில் கரிமம் ஏறுவது எங்கே? பெரும்பகுதி இழைமணிக்குள். செரைன் என்ற அமினோ அமிலம் அங்கே கிளைசினாக உடைகிறது. உடைந்த துண்டு கரிமம் கூடையில் ஏறுகிறது. அடுத்த நொதி அதை ஆக்சிஜனேற்றம் செய்து வடிவம் மாற்றுகிறது. கடைசியில் ஃபார்மேட் என்ற சின்ன மூலக்கூறாக அது இழைமணியின் சுவரைத் தாண்டி வெளியே வந்து டி.என்.ஏ.வுக்குப் போகிறது. நடுவில் வடிவம் மாற்றும் அந்த நொதிதான் எம்.டி.எச்.எஃப்.டி.2.

இந்தப் புரதத்தைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி 1985இல் வந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மெக்கன்சியும் அவருடன் பணிசெய்தவரும், முடிவில்லாமல் பிரிந்துகொண்டே போகும் செல்களில் இந்த நொதி இருப்பதாக எழுதினார்கள். சாதாரண வளர்ந்த திசுக்களில் அது தென்படவில்லை. கருவில் இருக்கிறது. இதை இழந்த சுண்டெலிக் குஞ்சு கருவிலேயே இறந்துவிடுகிறது. ஒரு தனிக்கூடத்தின் ஆர்வமாகவே அந்தச் செய்தி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கிடந்தது.

2014இல் ரோலந்து நில்சன், ஹார்வர்டின் வம்சி மூதா முதலானோர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுப்பாராவ் ஏ.டி.பி.யைக் கண்ட அதே மருத்துவக் கல்லூரி. 19 வகைப் புற்றுகளில் 1,981 கட்டிகளை எடுத்து, வளர்சிதை மாற்றத்துக்கான 1,454 நொதிகளில் எவை எப்போதும் மிகுந்து காணப்படுகின்றன என்று கணினியில் ஒப்பிட்டார்கள். மீத்தோட்ரெக்சேட் போய் உட்காரும் நொதியும் அந்தப் பட்டியலில் வந்தது. எழுபது ஆண்டு முன் தட்டித் தடவிக் கண்டது சரிதான் என்பதற்கு அது சாட்சி. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது இழைமணிக்குள் நடக்கும் கரிம வேலை, அதன் நடுவில் எம்.டி.எச்.எஃப்.டி.2. மார்பகப் புற்றில் அது மிகுந்திருந்த பெண்கள் பிழைப்பது குறைவாக இருந்தது.

ஃபிஸ்கும் சுப்பாராவும் ஒரு குடுவை நீலத்தைப் பார்த்துக் கண்டார்கள். இவர்கள் தொட்டுப் பார்க்காத ஏறக்குறைய இரண்டாயிரம் கட்டிகளின் எண்களைப் பார்த்துக் கண்டார்கள். அன்று ஒரு மனிதர் ஏ.டி.பி.யையும் ஃபோலிக் அமிலத்தையும் தன் ஆயுளுக்குள் இரண்டு தனிக் கதைகளாகத் தொட்டார். அவை இரண்டும் ஒரே உறுப்பின் சுவருக்குள் சந்திக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. இன்று இழைமணியின் புரதங்கள் 1,136 என்று பெயரோடு பட்டியல் இருக்கிறது. அதில் 13ஐ மட்டுமே இழைமணி தன் சொந்த மரபணுவைக் கொண்டு செய்துகொள்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஆய்வுக்கூடம், சிலவற்றுக்கு ஒருவரின் வாழ்நாள். சோகை, யானைக்கால், புற்று என்று மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த ஆளை இன்று எங்கே தேடுவது? அந்த இழப்பு எனக்கு வலிக்கிறது. ஆனாலும் இந்த 1,136 பெயர்களை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

ஏன் சொல்ல மாட்டேன் என்பதை எங்கள் கரையே சொல்லும். 1980களின் இறுதியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்தடுப்பு கட்டினார்கள். ஆண்டின் பெரும்பகுதி எங்கள் கடலில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். தடுப்பில் மணல் நின்றுவிட்டது. வடக்கே இருந்த கரையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. வலை காயப்போட்ட, கட்டுமரம் ஏற்றிவைத்த மணல் குறைந்து, கருங்கல் அடுக்கு வந்தது. தடுப்பு கட்டியவர்கள் எங்கள் கரையை அழிக்க நினைக்கவில்லை. ஓரிடத்தில் நிறுத்தினால் கீழே எங்கெல்லாம் வறளும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

மீத்தோட்ரெக்சேட் அப்படிப்பட்ட தடுப்பு. கூடை நிமிர்த்தும் நொதி எல்லாச் செல்லுக்கும் பொது. அதை அடைத்தால் புற்றுச் செல்லும் வறளும், வாய்க்குள் நாள்தோறும் புதுப்பித்துக்கொள்ளும் தோலும் வறளும், முடிவேரும் எலும்பு மஜ்ஜையும் வறளும். அந்தச் சிறுமிக்கு வாயில் புண் வந்ததற்கும் கஞ்சியை நாக்கில் தொட்டுவைத்ததற்கும் காரணம் இதுதான். நன்மையும் துன்பமும் ஒரே அடைப்பிலிருந்து வந்தன. எம்.டி.எச்.எஃப்.டி.2 வளர்ந்த உடம்பின் பெரும்பாலான திசுக்களில் இல்லை என்பதால்தான் அவ்வளவு நம்பிக்கை. அதை மட்டும் அடைத்தால் புண் வராமல் புற்றை வறளவைக்கலாமோ என்று பல நாடுகளில் தேடுகிறார்கள். ஜப்பானிலும் ஸ்வீடனிலும் அதை அடைக்கும் மூலக்கூறுகளைச் செய்து எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

இதில் அவசரப்பட்டு மகிழ்ந்துவிட எனக்கு மனமில்லை. கடலைப் போலவே புற்றுச் செல்லும் வேறு வழி தேடும். இழைமணி வழியை அடைத்தால் வெளியே இருக்கும் வழி தலைகீழாக ஓடி ஓரளவு ஈடுசெய்கிறது என்று 2016இல் பிரின்ஸ்டன் கூடம் ஒன்று காட்டியது. நோயை எதிர்க்க எழும் நம் வெள்ளணுக்களுக்கும் அந்த நேரத்தில் இந்தப் புரதம் வேண்டியிருக்கிறது என்பதும் பின்னர் தெரிந்தது. எம்.டி.எச்.எஃப்.டி.2ஐக் குறிவைக்கும் மருந்து எதுவும் கோரிமேட்டு மருந்தகத்துக்கு இன்னும் வரவில்லை. அங்கே கொடுப்பது 1940களின் மஞ்சள் மாத்திரைதான். கொடுக்கும் அளவும் நாளும் சேர்க்கும் துணை மருந்துகளும் மாறியிருக்கின்றன, மாத்திரை மாறவில்லை. அறிவு இழைமணியின் உட்சுவர் வரை போய்விட்டது. வைத்தியம் இன்னும் வாசலில் நிற்கிறது. அந்த வாசலிலேயே இத்தனை பிள்ளைகள் பிழைக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது நன்றி தவிர வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை.

சின்னம்மாவுக்கு இப்போது எண்பதுக்கு மேல். மீன் விற்கப் போவதில்லை. சாயங்காலத்தில் அந்தச் சிறுமி வீட்டுத் திண்ணையில்தான் இருப்பார். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். சிறுமியின் அம்மா டப்பாவை எடுத்து வந்ததும் சின்னம்மா மாத்திரை அட்டையை வாங்கி, எழுத்துத் தெரியாத கண்ணால் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஏண்டா, எம்புள்ளைக்கு முடியாமப் போனப்ப இந்த மாத்திர இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இருந்துச்சு சின்னம்மா. இருபது வருஷத்துக்கு முன்னாடியே வந்துருச்சு. எப்படிக் கொடுக்கணும், எத்தன மருந்து சேக்கணும்னுதான் இங்க அப்ப தெரியாது" என்றேன்.

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "யாரு செஞ்சாங்க?" என்றார். மெட்ராஸில் படித்த ஒருவர், அமெரிக்காவுக்குப் போனவர் என்றேன்.

"அவருக்குப் புள்ளைகுட்டி உண்டா?"

ஒரு மகன் பிறந்தான், இவர் அமெரிக்காவில் இருக்கும்போதே கைக்குழந்தையாகவே இறந்துவிட்டான், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

சின்னம்மா அட்டையை அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தார். "நேரமாவுது பாரு. அந்தப் புள்ளைய மாத்திர சாப்புடக் கூப்புடு" என்றார்.